பதினோராம் எண் கேமரா

பனையூர்க் கால்வாய்க் கரையில்
முதலில் ஒரு பலகை வைத்தார்கள்.
பலகைக்குக் கீழேதான் வந்து விழுந்தது.
அப்புறம் சுவரில் மூன்று மதத்துப் படங்களும் வரைந்தார்கள்.
கழுத்துவரைக்கும் ஏறியது குப்பை.
அதற்கடுத்து அள்ளிச் சுத்தம் செய்து கோலம் போட்டார்கள்.
விடிந்தால் கோலத்தின் நடுப்புள்ளியில்
கோழி இறகு மூட்டை.
கடைசியில்தான் நான்.

நான் என்றால்,
மண்டல அலுவலக மாடியில்
ஜெராக்ஸ் அறையை ஒட்டி
ஒன்பது சதுரமாய்ப் பிரிந்த திரைக்கு முன்னால்
தினக்கூலிக்கு விழித்திருக்கும் இரண்டு கண்.
ஒன்பதில் மூன்று எப்போதும் கருப்பு.
அந்தக் கம்பங்களில் இருப்பது வெறும் கூடு,
உள்ளே ஒயர்கூட இல்லை.
எந்தெந்தக் கம்பம் என்று சொல்ல மாட்டேன்.
என் தெருக் கம்பமும் அதில் ஒன்று.

இரவு ஷிப்டில் தெரிந்துகொண்டது கொஞ்சம்:
முகத்தைத் துண்டால் மூடுகிறவன்
வண்டி நம்பரை மூடுவதில்லை.
நம்பரில் சேறு அப்பி வருகிறவன்
கடைப்பேர் அச்சடித்த பையில் கட்டிக்கொண்டு வருகிறான்.
மண்டபத்து ஆட்டோ விளக்கை அணைத்துவிட்டு வரும்.
இருட்டில் இந்தக் கேமராவுக்குப் பச்சை என்பதே கிடையாது,
எச்சில் இலையெல்லாம் சோறுபோல வெளுத்துத் தெரியும்.
எறிகிற எவரும் நிற்பதில்லை,
கையும் வண்டியும் ஒரே ஓட்டம்.

அதனால்தான் அவரைக் கவனித்தேன்.
ஐப்பசி, மழை விட்ட இரவு, மூன்று பன்னிரண்டு.
டிவிஎஸ் ஃபிஃப்டியின் பின்னால்
சுருட்டிக் கட்டிய இலவம்பஞ்சு மெத்தை.
அவிழ்த்தார். எறியவில்லை.
கரையில் விரித்தார்.
தலைமாடு எது கால்மாடு எது என்று பார்த்து
ஒருமுறை திருப்பிப் போட்டார்.
நாலு நிமிஷம் நின்றார்.
நான் வண்டி நம்பரைப் பெரிதாக்கி எழுதிக்கொண்டேன்.
வேலை அது.

ஒன்பதாம் நாள் நேரில் வந்தார் வீரணன்.
கையில் நோட்டீசு, ஐந்நூறு ரூபாய்த் தாள்.
மொட்டைத் தலையில் மயிர் முளைக்கத் தொடங்கியிருந்தது.
அவருக்கு முன்னால் புரோட்டாக் கடை கருத்தப்பாண்டி
“பைதான் என் பை, குப்பை என் குப்பையில்ல” என்று
முக்கால் மணி நேரமாய் வழக்காடிக்கொண்டிருந்தார்.
சகாயமேரி மேடம் மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.
வீரணன் எதையும் மறுக்கவில்லை.
ரசீதை நாலாய் மடித்தார்.
வாசல்வரை போனவர் திரும்பி,
“அந்தப் படத்த ஒருதரம் பாக்கலாமா தாயி?”

விதியில் இடமிருக்கிறதா, தெரியாது.
மானிட்டரைத் திருப்பினேன்.

தன்னை அவர் பார்க்கவில்லை.
தன் வண்டி போனபிறகும்
“இருக்கட்டும், ஓடட்டும்” என்றார்.
வெள்ளையும் சாம்பலுமாய்க் கிடந்தது மெத்தை,
நடுவில் ஒரு பள்ளம்.
ஏழு வருஷம் நகராத ஓர் இடுப்பு
தோண்டி வைத்தது.
“இடப்பக்கமாத்தான் படுப்பாரு.
வலப்பக்கம் புண்ணு.”

மூன்று நாற்பதுக்கு ஒரு நாய் வந்தது.
சுற்றிவந்து, மோந்து பார்த்து,
அளவெடுத்துத் தைத்ததுபோல்
பள்ளத்துக்குள் சுருண்டது.
வீரணன் சிரித்த மாதிரி இருந்தது.
வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்,
கருத்தப்பாண்டிகூட வாயை மூடிக்கொண்டு.
ஐந்து ஐம்பதுக்குத் தள்ளுவண்டியோடு வந்த பெண்
நாயை எழுப்ப மனமில்லாமல்
மற்றதையெல்லாம் முதலில் அள்ளினாள்.

பதிவு முப்பது நாள் இருக்கும்.
அப்புறம் அதன் மேலேயே அடுத்தது ஏறும்,
அழிப்பதற்கென்று தனியாக ஆள் கிடையாது.

இன்றைக்கு முப்பத்திரண்டு.
பதினோராம் எண்ணில்
வண்டியை நிறுத்தாமலே ஒருவன் கையை ஓங்குகிறான்.
நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் தெரியவில்லை,
நாய் குறுக்கே நிற்கிறது.